ஆணி அடிக்காமல் படம் மாட்டுவது: வாடகை வீட்டுச் சுவருக்கு எது சரிப்படும்?

மூன்று வருடத்துக்கு முன் வேளச்சேரியில் ஒரு வீட்டைக் காலி செய்தேன். சாமான் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு ஹவுஸ் ஓனர் செல்போன் டார்ச்சோடு வந்தார். வெளிச்சத்தைச் சுவருக்கு நேராக அடிக்கவில்லை. போனைச் சுவரோடு ஒட்டினாற்போல் வைத்துப் பக்கவாட்டில் அடித்தார். அப்படி அடித்தால் ஒரு மில்லிமீட்டர் பள்ளம்கூட நிழல் விழுந்து கிணறு மாதிரி தெரியும். ஹாலில் மட்டும் ஐந்து இடம். ஒவ்வொன்றும் ஒரு நாணயம் அகலத்துக்குப் பெயிண்டும் அதற்கு அடியில் உள்ள வெள்ளையும் சேர்ந்து பெயர்ந்து, சாம்பல் நிற சிமென்ட் பல்லைக் காட்டியது.

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு அக்ரிமென்ட்லயே போட்டிருந்தேனே தம்பி."

"ஒரு ஆணிகூட அடிக்கலை சார்."

உண்மையைத்தான் சொன்னேன். ஆணி அடிக்காமல் இருப்பதற்காகத்தான் அந்த ஒட்டும் கொக்கிகளையே வாங்கியிருந்தேன். கடைசியில் அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பெயிண்டுக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், அதே ஹாலில் எனக்கு முன்பு குடியிருந்தவர் அடித்துவிட்டுப் போன இரண்டு ஆணிகள் அப்படியே இருந்தன. டார்ச் அவற்றின் மேல் படவே இல்லை.

அதற்குப் பிறகு இரண்டு வீடு மாறிவிட்டேன். மாட்டவேண்டியவை அதேதான்: அம்மா கொடுத்த தஞ்சாவூர்ப் படம் ஒன்று, கண்ணாடி போட்ட அச்சுப் படங்கள் நாலைந்து, ஒரு கலம்காரித் துணி, வாரத்துக்கு ஒன்று என்று பெருகிக்கொண்டே போகும் பிள்ளையின் கிரேயான் சித்திரங்கள். எதை எதில் மாட்டுவது என்று ஏறக்குறைய எல்லா வழியையும் பார்த்தாகிவிட்டது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சுவர்

இணையத்தில் தேடினால் கிடைக்கும் யோசனைகளில் பாதிக்கு மேல் அமெரிக்க வீடுகளை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே உட்சுவர் என்பது பெரும்பாலும் சட்டங்களின் மேல் திருகிய அரை அங்குல ஜிப்சம் பலகை. நம் ஊர்ச் சுவர் வேறு. செங்கல் அல்லது சிமென்ட் பிளாக், அதன் மேல் 12 முதல் 15 மில்லிமீட்டர் சிமென்ட் பூச்சு, அதன் மேல் மெல்லிசாகப் புட்டி, பிறகு பிரைமர், பிறகு பெயிண்ட். கடையில் புட்டி என்று கேட்டு வாங்கினாலும் பெயின்டர்கள் வாயில் அது பட்டி. 'பட்டி பார்த்தாச்சு' என்றால் சுவர் வழவழவென்று ஆகிவிட்டது என்று அர்த்தம்.

இந்த அடுக்குகளில் நோஞ்சான் அந்தப் பட்டிதான். நீங்கள் ஒட்டும் டேப் பிடித்திருப்பது பெயிண்டை. பெயிண்ட் பிடித்திருப்பது பட்டியை. பட்டி பிடித்திருப்பது, அதைப் பூசிய அன்றைக்கு ஆள் சுவரைச் சரியாக நனைத்தாரா என்பதைப் பொறுத்தது. வாடகைக்கு விடுவதற்கென்றே அவசரமாகப் பட்டி பார்த்த வீடுகளில் இந்தக் கடைசி விஷயத்தில் நம்பிக்கை வைக்க முடியாது. 'இந்த டேப் ஐந்து கிலோ தாங்கும்' என்று பாக்கெட்டில் எழுதியிருப்பது டேப்பைப் பற்றிய வாக்குமூலம். சுவரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகள் சில உண்டு. உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி கையில் ஒட்டினால் அது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. அதில் ஒட்டும் சாமான் எதுவும் வேலைக்கு ஆகாது. எமல்ஷன் என்றால் கை சுத்தமாக வரும். அடுத்து, பீரோவுக்குப் பின்னால் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒரு அங்குல செல்லோ டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி, மறுநாள் வெடுக்கென்று உரியுங்கள். டேப்பின் முதுகில் பெயிண்ட் செதில் வந்தால் அந்தச் சுவரை மறந்துவிடலாம். விரல் முட்டியால் தட்டியும் பார்க்கலாம். 'டொப் டொப்' என்று பொள்ளல் சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சே செங்கல்லை விட்டுவிட்டது. அங்கே ஒட்டவும் கூடாது, அடிக்கவும் கூடாது.

ஓதம் இன்னொரு சங்கதி. சென்னையில் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதத்தில் வெளிச்சுவர்களும், பாத்ரூமுக்கு முதுகு காட்டும் சுவர்களும் ஈரத்தை உறிஞ்சி, பெயிண்ட் கொப்புளித்து, வெள்ளையாக உப்புப் பூக்கும். ஏப்ரலில் வீடு பார்க்கும்போது இது எதுவும் தெரியாது. முழங்காலுக்குக் கீழே புதுப் பெயிண்ட் மட்டும் தனியாக அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

எவ்வளவு கனம்?

படத்தின் எடையைக் கண்ணால் குத்துமதிப்பாகப் போடுகிறவர்கள் எல்லோரும் குறைத்துத்தான் போடுவார்கள். நானும் அப்படித்தான். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கனத்துக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடி. 2 மில்லிமீட்டர் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 5 கிலோ. ஏ3 அளவுப் படம் ஒரு சதுர மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஆக, கண்ணாடி மட்டும் 600 கிராமுக்கு மேல். அதையே அக்ரிலிக் என்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தகட்டில் போட்டால் பாதிக்கும் குறைவு, 300 கிராம்தான். ஃபிரேம் போடும் கடையில் 'கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடுங்க அண்ணே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடிய மிக உபயோகமான காரியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே விழுந்தாலும் சில்லுச் சில்லாக உடையாது. கீறல் விழும், தூசியை இழுக்கும், அது மட்டும்தான் குறை. கேன்வாஸில் அச்சடித்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய படமென்றால் கண்ணாடியே வேண்டாம்.

தஞ்சாவூர்ப் படத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. பலகை, அதன் மேல் துணி, சுண்ணக்கலவை, பொன் ரேக்கு, கல், பிறகு கண்ணாடி, பிறகு தேக்குச் சட்டம். என்னிடம் இருப்பது இரண்டடிக்கு ஒன்றரையடி. தராசு ஆறு கிலோ காட்டியது.

இழுத்தால் கழன்றுவரும் பட்டைகள்

ஒட்டும் சாமான்களில் ஒரே ஒரு ஜாதியைத்தான் நான் மதிக்கிறேன். 3எம் நிறுவனத்தின் கமாண்ட் பட்டைகள் 1996-இல் சந்தைக்கு வந்தவை. இப்போது அதே மாதிரி வேறு பெயர்களிலும் கிடைக்கின்றன. இதன் சூட்சுமம் ஒட்டுவதில் இல்லை, கழற்றுவதில் இருக்கிறது. சாதாரண டேப்பைச் சுவரிலிருந்து நம் பக்கமாகப் பிய்க்கிறோம். அந்த விசை பெயிண்டையும் சேர்த்து வெளியே இழுக்கிறது. இந்தப் பட்டையின் வாலைப் பிடித்துச் சுவரை ஒட்டியே நேர் கீழாக மெதுவாக இழுத்தால் அது ரப்பர் மாதிரி நீண்டு, மெலிந்து, ஓரத்திலிருந்து தானாகவே பிடியை விட்டுக்கொண்டு வரும். பெயிண்டுக்கு அதிகம் வலிக்காது.

ஆனால் பொறுமை வேண்டும். படத்தையே பிடித்து வெடுக்கென்று பிடுங்குகிறவர்கள், பட்டையை முன்னோக்கி இழுக்கிறவர்கள் எல்லோரும் அதைச் சாதாரண டேப்பாக மாற்றிவிடுகிறார்கள். நம் ஆட்களில் அதன் பாக்கெட்டில் உள்ள குறிப்பைப் படிக்கிறவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை, அதனால் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். சுவரை ஈரத்துணியாலோ சோப்புத் தண்ணீராலோ துடைக்கக் கூடாது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட வேண்டும். ஒட்டியபின் 30 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பாரம் ஏற்ற வேண்டும். புதிதாகப் பெயிண்ட் அடித்த சுவர் என்றால் குறைந்தது ஏழு நாள் காத்திருக்க வேண்டும். 10 முதல் 40 டிகிரி வெப்பத்துக்குள்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். வால்பேப்பர் மேலும் சொரசொரப்பான சுவரிலும் ஒட்டக் கூடாது. கட்டிலுக்கு மேலே மாட்டக் கூடாது, திரும்பக் கிடைக்காத பொருளை மாட்டக் கூடாது என்றும் அவர்களே சொல்கிறார்கள். நாலு ஜோடி பெரிய பட்டைகள் 7.2 கிலோ தாங்கும் என்று சொல்லும் அதே கம்பெனி இதையும் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். கணக்குப்படி என் தஞ்சாவூர்ப் படத்தை அதில் மாட்டலாம். கடைசி வரியைப் படித்தபின் கை வரவில்லை.

இன்னொன்று, அந்த 40 டிகிரி. மொட்டை மாடிக்குக் கீழ் வீடு, மேற்குப் பார்த்த சுவர், மே மாதம், மாலை நாலு மணி. சுவரில் கை வைத்துப் பாருங்கள், தோசைக்கல் ஞாபகம் வரும். அந்தச் சுவரில் நான் எதையும் ஒட்டுவதில்லை.

என் அனுபவத்தில் நல்ல எமல்ஷன் சுவரில், அக்ரிலிக் போட்ட ஏ3 படம் வரைக்கும் இதை நம்பலாம். சொல்லும் எடையில் பாதிதான் தாங்கும் என்று மனதுக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு படத்துக்கு நாலு ஜோடி என்றால் ஐந்தாறு படத்துக்குக் கணிசமாகச் செலவாகும், ஒருமுறை கழற்றினால் பட்டை குப்பைக்குத்தான் போகும். படத்தை நேராக்க நாலு தடவை கழற்றி மாட்டுகிற ஆளாக இருந்தால், முதலில் சுவரில் பென்சில் கோடு போட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

மற்ற ஒட்டும் சாமான்கள்

என் அட்வான்ஸைத் தின்றது, கண்ணாடி மாதிரி தெளிவான வட்டமோ சதுரமோ உள்ள பிளாஸ்டிக் கொக்கி. பத்து, இருபது என்று பாக்கெட்டாக வரும். இது டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் கண்ணாடிக்கும் பிறந்தது. சமையலறை டைல்ஸில் கரண்டி மாட்ட இதைவிட நல்லது இல்லை. பெயிண்ட் அடித்த சுவரில் ஒட்டினால் அதற்குத் திரும்பி வரும் வழி கிடையாது. ஆறு மாதம் இருந்தது என்றால் வரும்போது தன் அளவுக்கு ஒரு துண்டைச் சுவரிலிருந்து கையோடு கூட்டிக்கொண்டுதான் வரும். ஜெல் மாதிரி வழுக்கும் நானோ டேப்பும், பஞ்சு வைத்த டபுள் சைடு டேப்பும் இதே குடும்பம். பஞ்சு டேப் ஒரு படி மேலே போய், தன் பாதி உடம்பைச் சுவரிலேயே விட்டுவிட்டு வரும்.

ஏற்கெனவே ஒட்டித் தொலைத்தவர்களுக்கு ஒரு வழி: தலைமுடி காயவைக்கும் டிரையரால் அரை நிமிடம் சூடு காட்டி, கொக்கிக்கும் சுவருக்கும் நடுவே பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலையோ கனமான தையல் நூலையோ விட்டு, ரம்பம் அறுப்பது போல் இழுங்கள். மிச்சப் பசையை விரலால் உருட்டி எடுக்கலாம். காலி செய்வதற்கு முந்தின இரவு இந்த ஞானம் எனக்கு இருந்திருந்தால் ஐந்தில் மூன்று இடமாவது தப்பியிருக்கும்.

காகிதம் மட்டும் என்றால் கவலை இல்லை. பெயின்டர்கள் ஓரம் கட்டுகிற மாஸ்கிங் டேப்பே போதும். அழகு வேண்டுமென்றால் ஜப்பானிய வாஷி டேப். இரண்டும் உறவுக்காரர்கள்தான், பசை லேசானது. பிள்ளை வரைந்த படங்களை நாலு மூலையிலும் இதை ஒட்டித்தான் வைத்திருக்கிறேன். மூன்று, நாலு மாதத்துக்கு ஒருமுறை படத்தை மாற்றும்போது டேப்பும் மாறிவிடும், ஊறிப்போய் ஒட்டிக்கொள்ள நேரம் கிடைப்பதில்லை. களிமண் மாதிரி உருட்டி ஒட்டுகிற பொருளும் ஸ்டேஷனரி கடையில் இருக்கிறது. பெயிண்டை உரிக்காது, ஆனால் நம் வெயிலுக்கு எண்ணெய் கசிந்து சுவரில் வடை வைத்த காகிதம் மாதிரி ஒரு கறை விட்டுப்போகும். பெரிய சைஸ் ஸ்டிக்கர், உரித்து ஒட்டும் வால்பேப்பர் பக்கம் போகாதீர்கள். ஒட்டும் பரப்பு அதிகமாக ஆக, உரியும் பரப்பும் அதிகம்.

ஆணியை ஏன் இவ்வளவு திட்டுகிறோம்?

இங்கேதான் பொதுவாகச் சொல்லப்படுவதோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஒழுங்காகப் போட்ட ஒரு துளை ஆறு மில்லிமீட்டர். ஒட்டும் கொக்கி உரித்த வழுக்கை நாற்பது மில்லிமீட்டர். முன்னதை அடைக்கச் சுண்டுவிரல் நுனியளவு பட்டி போதும். பின்னதற்குப் பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, பிரைமர், பெயிண்ட் என்று ஆள் கூப்பிட வேண்டும். ஆணி கெட்ட பெயர் வாங்கியது அதை அடிக்கிறவர்களால். மேல் பூச்சு பெயரப் பெயர சுத்தியலால் நாலு இடத்தில் அடித்துப் பார்த்து, வளைந்த ஆணியைப் பிடுங்கி, பக்கத்தில் மறுபடி அடித்து, கடைசியில் காலண்டரை மாட்டி மறைப்பது நம் தேசிய வழக்கம்.

ஓனர் சம்மதித்தால் சிறந்தது டிரில்லிங் மிஷின், கான்கிரீட்டுக்கான 6 மில்லிமீட்டர் பிட், பிளாஸ்டிக் பிளக், ஒரு திருகு. துளை போடுமுன் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் ஓரம் செதில் செதிலாகப் பெயராது. தூசிக்கு ஒரு காகிதத்தை மடித்துக் கீழே ஒட்டிவையுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் மட்டும் துளை போடவே கூடாது. உள்ளே வயர் போகும் குழாய் பெரும்பாலும் செங்குத்தாக அங்கேதான் ஓடும். கான்கிரீட்டை அச்சில் ஊற்றியே எல்லாச் சுவரையும் எழுப்பிய புதுக் குடியிருப்புகளில் சாதாரண ஆணி உள்ளே போகாது, நெளியும். அங்கே ஹேமர் வசதியுள்ள மிஷின்தான் ஒரே வழி.

இதற்கும் ஒட்டுவதற்கும் நடுவில் ஒன்று இருக்கிறது: பின்பக்கம் நாலு குட்டி இரும்பு முள் வைத்த பிளாஸ்டிக் கொக்கி. சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் முட்கள் பூச்சுக்குள் இறங்கும். கழற்றினால் குண்டூசி ஓட்டை நாலுதான் தெரியும். ஒன்றரை கிலோ வரைக்கும் நான் இதில் மாட்டியிருக்கிறேன். பூச்சில் சிமென்ட் தூக்கலாக இருந்தால் முள் வளைந்துவிடும், கையில் இரண்டு உபரி வைத்துக்கொள்ளுங்கள்.

துளை அடைக்கப் பற்பசை தேய்க்கும் யோசனையை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. அது காய்ந்து சுருங்கும், மஞ்சளாகும், டார்ச் வெளிச்சத்தில் முதலில் அகப்படுவதும் அதுதான். ஹார்டுவேர் கடையில் ஒரு கிலோ புட்டி பாக்கெட் வாங்கினால் மூன்று வீட்டுக்கு வரும். தலைவலி புட்டியில் இல்லை, நிறத்தில். அதே ஷேடு வாங்கித் தொட்டால்கூடப் பழைய பெயிண்ட் வெளுத்திருக்கும், புதிது திட்டாகத் தெரியும். குடிபுகும்போதே ஓனரிடம் பெயிண்ட் டப்பாவில் உள்ள ஷேடு நம்பரைக் கேட்டு வைப்பதும், பரணில் மிச்ச டப்பா இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் இருப்பதும் புத்திசாலித்தனம். வெள்ளைச் சுவர் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் அமலுக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் அதன்படி ஓனர் பொறுப்பு. குடியிருப்பவர் செய்த சேதம் குடியிருப்பவர் தலையில். 'வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் அக்ரிமென்ட்களில் 'காலி செய்யும்போது பெயிண்டிங் செலவாக ஒரு மாத வாடகை பிடித்தம்' என்ற வரி கண்ணை மூடிக்கொண்டு போடப்படுகிறது. ஒரு கேள்வி: எப்படியும் முழுசாகப் பிடிக்கப்போகிறார்கள் என்றால் நான்கு துளைக்குப் பயந்து மூன்று வருடம் மொட்டைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவானேன்? அந்த வரி இருந்தால் அப்போதே, 'அப்ப நாலு இடத்துல மட்டும் டிரில் போட்டுக்கறேன் சார்' என்று கேட்டு, அதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குடிபுகும் நாளில் எல்லாச் சுவரையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவையுங்கள். பழைய ஆணியெல்லாம் யார் கணக்கு என்ற சண்டை வராது.

சுவரைத் தொடாமலே

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. நம் வீடுகளில் பாரம் தாங்கும் இடங்கள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன, நாம்தான் அவற்றைப் படத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. ஜன்னல் கம்பி, கர்ட்டன் ராடு, லாஃப்டின் சிமென்ட் விளிம்பு, ஷோகேஸ், எல்லாவற்றுக்கும் மேலாக ஹால் கூரையில் ஊஞ்சலுக்கென்று விட்ட இரண்டு கொக்கிகள். ஊஞ்சல் எல்லோரும் மாட்டுவதில்லை, கொக்கி மட்டும் பல வீடுகளில் இருக்கும். இரண்டு ஆட்களைத் தாங்கப் போட்ட கொக்கிக்குப் படம் ஒரு பாரமா?

கலம்காரித் துணியை அதில்தான் தொங்கவிட்டிருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரி, 2021-இல் புவிசார் குறியீடு வாங்கியது. கோயில் வாசலிலும் தேரிலும் கட்டுவதற்காக எழுதப்பட்ட துணிவகை என்பதால் தொங்குவது அதற்குப் பழக்கம்தான். மேல் ஓரத்தை இரண்டு அங்குலம் மடித்துக் குழல் மாதிரி தைத்து, உள்ளே ஒரு மரக்கழியைச் செருகி, இரண்டு முனையிலும் பருத்திக் கயிறு கட்டிக் கொக்கியில் போட்டேன். கீழ் ஓரத்திலும் அதே போல ஒரு மெல்லிய கழி, துணி சுருளாமல் இருக்க. ஊஞ்சல் கொக்கி சுவரிலிருந்து தள்ளி இருந்ததால், துணி ஹாலையும் சாப்பாட்டு மேஜையையும் பிரிக்கும் திரைபோல ஆகிவிட்டது. நினைத்துச் செய்ததல்ல, நன்றாக அமைந்துவிட்டது. ஃபேன் காற்றில் லேசாக ஆடும். முதலில் உறுத்தியது, இப்போது ஆடாவிட்டால்தான் கரண்ட் போய்விட்டதோ என்று பார்க்கிறேன். துணியே ஓர் அரை கிலோகூட வராது என்பதால், சுவரில்தான் வேண்டும் என்கிறவர்கள் இரண்டு இழுபட்டைக் கொக்கியிலேயே கழியைத் தாங்க வைக்கலாம்.

கம்பியிலிருந்து கம்பிக்குக் கொடிக்கயிறு கட்டி மரக் கிளிப்பில் படங்களைத் தொங்கவிடுவது பழைய யோசனை, ஆனால் அஞ்சல் அட்டை அளவுப் படங்களுக்கு இன்னும் அதுதான் சுலபம். அதைவிடச் சுலபமானது பீரோ. இரும்பு பீரோவின் பக்கவாட்டு என்பது ஆறரை அடி உயரமுள்ள காந்தப் பலகை. ஸ்டேஷனரி கடையில் சின்னச் சின்னக் காந்தங்கள் வாங்கி வந்து, பிள்ளையின் சித்திரக் கண்காட்சியில் பாதியை அங்கே மாற்றிவிட்டேன். அவனே ஏறி இறங்கி மாற்றிக்கொள்கிறான்.

சாய்த்து வைப்பதும் உண்டு. கும்பகோணத்தில் தாத்தா வீட்டுக் கூடத்தில் சுவர் நெடுக ஓர் ஒல்லியான மரச்சட்டம் ஓடும். சாமி படங்கள், தாத்தாவின் அப்பா, யாரோ ஒரு ஜில்லா கலெக்டரோடு எடுத்த குரூப் போட்டோ எல்லாம் அதன்மேல் அடிப்பக்கத்தை ஊன்றி, தலை முன்னால் சாய்ந்து நம்மைக் குனிந்து பார்க்கும். சட்டம் ஒன்றுதான், ஆணியும் அதற்கு மட்டும்தான், படங்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் இடம் மாறலாம். இதே வேலையை வாடகை வீட்டில் ஷோகேஸின் மேல்தட்டும், புத்தக அலமாரியும் செய்யும். பெரிய படத்தைத் தரையிலேயே சாய்த்து வைக்கலாம், வீட்டில் தவழும் குழந்தை இல்லாவிட்டால். அடியில் ரப்பர் மேட்டின் துண்டு ஒன்றைப் போட்டால் வழுக்காது.

படத்துக்குப் பின்னால்

எந்த முறையானாலும் படம் சுவரோடு அப்பிக்கொண்டு இருக்கக் கூடாது. இழுபட்டையின் பெரிய குறை இது, படத்துக்கும் சுவருக்கும் காற்றுப் போக இடமே விடாது. ஐப்பசி, கார்த்திகையில் அந்த இடுக்கில் ஈரம் நின்று முதலில் அட்டை நமுக்கும், அப்புறம் பூஞ்சை, அப்புறம் ராமபாணப் பூச்சி. கொக்கியில் மாட்டும் படங்களுக்கு, பின்பக்கம் கீழ் இரண்டு மூலையிலும் பாட்டில் கார்க்கை வட்டமாக அறுத்து ஒட்டிவிட்டால் ஒரு விரல்கடை இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில் பல்லி குடியேறும், அதற்கு நான் வழி கண்டுபிடிக்கவில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படத்தை எடுத்துப் பின்னால் துடைப்பேன், சில சமயம் இரண்டு வெள்ளை முட்டை இருக்கும்.

இப்போதைய வீட்டில் கணக்கு இப்படி நிற்கிறது: கண்ணாடி இல்லாத இரண்டு அச்சுப் படங்கள் இழுபட்டையில், கண்ணாடி போட்ட இரண்டு முள் கொக்கியில், மீதி ஷோகேஸ் மேல். துணி ஊஞ்சல் கொக்கியில். மேற்குச் சுவர் காலி. தஞ்சாவூர்ப் படம் மட்டும் ஐந்து மாதம் பழைய பெட்ஷீட்டில் சுற்றிப் பீரோவுக்குப் பின்னால் நின்றது. ஒட்டத் துணிவில்லை, ஷோகேஸ் மேல் அகலம் போதவில்லை, ஓனரிடம் கேட்கத் தயக்கம். பழைய டார்ச் வெளிச்சம் மனதில் இருந்தது.

ஒருநாள் வாடகை கொடுக்கப் போனபோது கேட்டேவிட்டேன். ஒரே ஒரு துளை, ஆறு மில்லிமீட்டர், மிஷினில்தான் போடுவேன், காலி செய்யும்போது அடைத்துப் பெயிண்ட் தொட்டுக் கொடுத்துவிடுகிறேன் என்று நீளமாக விளக்கினேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில் என்ன படம் என்று கேட்டார். வெண்ணெய்க் கிருஷ்ணன் என்றேன்.

"தாராளமா மாட்டுங்க தம்பி. ஆனா போறப்ப அந்தத் திருகைப் பிடுங்கிடாதீங்க. அடுத்து வர்றவங்களுக்கு ஆகும்."